விமானத்துக்கு மட்டும் இருந்த இன்ஷூரன்ஸ்

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி செங்கம் ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகுதான் வலது கையில் எதுவுமே தெரியவில்லை என்று கவனித்தேன். வலியும் இல்லை, கனமும் இல்லை. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் டிராக்டர் டிரைவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் உட்காரச் சொன்னான். நடக்கிறேன் என்றேன். நாங்கள் வேலை செய்த அடி அண்ணாமலைக்கு இன்னும் ஒரு மணி நேர நடை இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. எட்டாவதோடு படிப்பை விட்டு, ஓசூர், வேலூர் என்று அலைந்து, வற்றிப்போன ஏரியில் செங்கல் சூளைக்கு மண் வெட்டி டிராக்டரில் ஏற்றும் வேலைக்கு வந்திருந்தேன். முந்தின நாள் காலை ஒரு சின்ன விமானம் இன்ஜின் நின்றுபோய், சத்தமே இல்லாமல் ஏரிக்குள் இறங்கியது. எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். டிராக்டருக்குப் பின்னால் இருந்ததால் நான் அதைக் கடைசியில்தான் பார்த்தேன். மண்வெட்டியைக் கீழே போடத் தோன்றவில்லை. தோளில் வைத்தபடியே ஓடினேன். இறக்கையின் நுனி மண்வெட்டிக் காம்பில் மோதியது. காம்பு முறிந்தது, அதைப் பிடித்திருந்த மணிக்கட்டும் முறிந்தது.

ஓட்டி வந்தவர் பெங்களூரில் தொழில் செய்பவர். லீவு நாளில் ஆசைக்குப் பறப்பவர். அவருக்குக் கீறல்கூட இல்லை. அவர்தான் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் காலை ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"சார், இதுக்கு இன்ஷூரன்ஸ் எதுனா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குப்பா. விமானத்துக்கு இருக்கு."

"எனக்கு?"

"கீழ இருக்கறவங்களுக்குத் தனியா எடுக்கணும். கட்டாயமில்லன்னு சொன்னாங்க. எடுக்கல." சொல்லிவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தார். பாக்கெட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது, மண்வெட்டி வேலையை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு வேறு வேலை தெரியாது.

சாயங்காலம் வெளியே வந்தபோது வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தா பிடித்துக்கொண்டார். விபத்தில் அடிபட்டவர்களைத் தேடிப் பிடித்து கேஸ் போட வைப்பது அவர் வேலை.

"எந்த வண்டிப்பா இடிச்சுது? லாரியா, பஸ்ஸா?"

"ஏரோப்ளேன்."

குடித்திருக்கிறேனா என்று முகத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தார். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த டிரைவர்தான் நடந்ததைச் சொன்னான். குமாஸ்தா பேனாவை எடுத்தார்.

"பக்கத்துல டிராக்டர் நின்னுச்சு இல்ல? டிராக்டருக்கு தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம் இருக்கும். ஆள் மேல இடிச்சா கம்பெனி பணம் குடுத்தே ஆகணும். ரிவர்ஸ் எடுக்கும்போது இடிச்சிடுச்சுன்னு எழுதிடலாம். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. மூணு வருஷம் வாய்தாவுக்கு வரணும், ஊரை விட்டுப் போகக் கூடாது."

வழியில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஒரு டீக்கடையைக் கடந்ததும் டிரைவர் சைக்கிளை நிறுத்தினான்.

"கேஸைப் போட்டுக்கோ மச்சான். எம்மேல போட்டுக்கோ. லைசென்ஸைப் புடுங்குவான், ஓனரு தொரத்துவாரு. ரெண்டு பொண்ணு கீது எனக்கு. அதையும் யோசிச்சுட்டுப் போட்டுக்கோ."

"நீ என்னை இடிக்கலயே."

"இடிச்சிருக்கலாம், போ. இந்நேரம் உனக்கு ஒரு வழி பொறந்திருக்கும். போயும் போயும் பிளேன்ல போய் அடிபட்டுக்கினு வந்தியே!"

இரண்டு பேரும் சிரித்தோம்.

கேஸ் போடவில்லை. நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஊரிலும் நான் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததில்லை. மூன்று வருஷம் ஒரே ஊர் என்றதும் அந்தப் பேச்சு எனக்குள் முடிந்துபோயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விளக்குகூட எரியாத அந்த ஓட்டை டிராக்டர் ரோட்டில் ஏற அந்த இன்ஷூரன்ஸ் தாள் வேண்டும். தலைக்கு மேல் பறக்கிறவருக்கு வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. கட்டாயம் என்றிருந்தால் எடுத்திருப்பார், அவருக்கு அது பெரிய காசும் இல்லை. கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊருக்குள் நுழையும்போது விமானத்தை ஓட்டி வந்தவர் ஏரிக்கரையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"இன்ஷூரன்ஸ்ல இருந்து ஆள் வந்து பாக்கற வரைக்கும் விமானத்தை யாரும் தொடக் கூடாது. காவலுக்கு ஒருத்தர் வேணும். உக்காந்திருந்தா போதும். ஒரு கை போதும்பா."

டிரைவர் என்னைப் பார்த்தான். நான் சரி என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் இறக்கையின் நிழலில் உட்கார்ந்தேன். எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். மூக்கில் வளைந்த விசிறி, உடைந்த சக்கரம். கடைசியாக இறக்கை நுனியில் ஒரு பள்ளம், என் மண்வெட்டிக் காம்பு பட்ட இடம். அதைத் தட்டி நிமிர்த்திவிட வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அதற்கும் பணம் வரும் என்றார். ஆடுகள் வந்து அதில் உரசப் பார்த்தன. இடது கையால் ஒரு குச்சியை எடுத்து ஓட்டினேன்.