ஏழாம் லைனின் கோல்கீப்பர்

தனபாக்கியம் கால்பந்துக்கு வந்ததற்குக் காரணம் ஆலங்காயம் பஸ். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை விட்டதும் மற்ற ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் பறந்துவிடும். ஆலங்காயம் பஸ் மட்டும் விருந்துக்கு வரும் புது மாப்பிள்ளை மாதிரி ஆடி அசைந்து வரும். அந்த நேரத்தில், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று வாணியம்பாடிப் பெண் இஃப்ராவும் அவள் கூட்டாளிகளும் பின்பக்க மைதானத்தில் பந்து உதைப்பார்கள். ஒருநாள் பந்து தனபாக்கியத்தின் முகத்துக்கு நேராக வந்தது. சாப்பாட்டு கேரியரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கப்பென்று பிடித்தாள். கேரியர் நசுங்கிப்போனது. ஒரு கரண்டி வளைந்தாலே ஒரு வாரம் புலம்புகிறவள், அன்று பந்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே நீங்கதான் கோல்கீப்பர்க்கா," என்றாள் இஃப்ரா.

"இன்னாடி விளையாடுறியா? எனக்கு முப்பத்தி மூணு வயசு ஆவுது."

"பந்துக்கு வயசெல்லாம் தெரியாதுக்கா."

இப்படித்தான் சேர்ந்தாள். அவள் கணவன் சீனிவாசன் நிலக்கடலை போடுகிற விவசாயி. முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மாவட்ட லீக் ஃபைனலுக்கு பைக்கில் வந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இரண்டு நாள் ஜாடையிலேயே பேசினான்.

இந்தப் பெண்களின் கால்பந்து கிளப் வளர்ந்ததற்குப் புரொடக்‌ஷன் மேனேஜர் பிரேம்குமாரும் ஒரு காரணம். பந்துப் பைத்தியம். ஆட்டக்காரப் பெண்கள் ஆளுக்கொரு தையல் மிஷின் லைனில் இருந்ததால் ஒரே நேரத்தில் வேலை முடியவில்லை, பயிற்சி நடக்கவில்லை. எல்லோரையும் பிடித்து ஏழாம் லைனில் உட்காரவைத்தார். ஷூவின் மேல்தோலைத் தைத்துத் தைத்து அடுத்தவளிடம் தள்ளும்போதே, யார் யாருக்கு பாஸ் கொடுப்பது என்று பேசி முடிவு செய்துவிடுவார்கள். மாவட்ட லீக்கை ஜெயித்து, மேலே மாநில லீக்குக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். மனுஷன் மூளையே மூளை என்று கம்பெனியே மெச்சியது.

மாநில லீக்கின் அட்டவணை வந்தது. முதல் மேட்ச் சென்னையில், சனிக்கிழமை. வராத டீம் லீக்கை விட்டே நீக்கப்படும். அதே சனிக்கிழமை மாலைதான் வெளிநாட்டு ஆர்டர் கன்டெய்னரில் ஏற வேண்டும். அப்போதுதான் பிரேம்குமாருக்குத் தன் மூளையின் லட்சணம் புரிந்தது.

"ஒருத்தி ரெண்டு பேரு லீவு கேட்டா வேற ஆளைப் போட்டு ஓட்டிடுவேன். லைனே லீவு கேட்டா நான் இன்னாம்மா பண்றது?" தலையில் கை வைத்துக்கொண்டார்.

தனபாக்கியத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. பெரிய மைதானத்தில், இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒருமுறை நிற்க வேண்டும். ஆசையென்று ஒன்று வந்தது இந்த வயதில்தான், அதுவும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று சீனிவாசனிடம் சொல்லி அழுதாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டாம் லைன் கமலத்திடம் போய் நின்றாள். கமலம் லேசுப்பட்டவள் இல்லை. பேன்ட் மாட்டிக்கொண்டு பந்து பொறுக்கும் அழகைப் பாருங்கள் என்று இவளை ஓட்டாத நாள் கிடையாது.

"கமலாக்கா, சனிக்கிழமை மட்டும் எங்க மிஷின்ல உக்கார ஆளு வேணும்."

கமலம் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். "இத்தினி நாளா வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? நீ கேப்பே கேப்பேன்னு நானும் பாத்துக்கினு இருக்கேன். உன்னிய ஓட்டறது என் இஷ்டம். ஆம்பூர் டீம் வரலைன்னு மெட்ராஸ்காரன் சொல்றதா?"

கமலமே எழுந்து சாப்பாட்டு அறையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். லைனுக்கு ஒருத்தி, இரண்டு பேர் என்று ஏழாம் லைனுக்குப் பெயர் கொடுத்தார்கள். ஆள் குறையும் லைன்களில் மற்றவர்கள் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பிரேம்குமார் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

சென்னை மைதானத்தில் புல் இருந்தது. அதுவரை சரளைக்கல்லில் விழுந்து முட்டி தேய்ந்தவள் தனபாக்கியம். முதல் பந்துக்குப் பாய்ந்து விழுந்தாள், பிடித்தும்விட்டாள். புல் மெத்தை மாதிரி இருந்ததில் எழுந்திருக்க மறந்து பந்தைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

"அக்கா! தூங்கவா வந்தோம்? எந்திரிங்க!" என்று இஃப்ரா கத்தினாள்.

எதிர் டீம் ஒரு கோல் போட்டது. இஃப்ரா ஒன்றைத் திருப்பிப் போட்டாள். கடைசியில் கம்பத்தோரமாக வந்த பந்தை தனபாக்கியம் விரல் நுனியால் தட்டி வெளியே அனுப்பினாள். மேட்ச் டிரா. வெளியிலிருந்து பார்த்தவர்கள் இவர்கள்தான் ஜெயித்தார்கள் என்று நினைத்திருப்பார்கள், அப்படி ஆடினார்கள், அழுதார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கமலத்தின் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள் தனபாக்கியம்.

"தனம், கன்டெய்னர் கிளம்பிடுச்சு. உன் மிஷின் நல்லா ஓடுதுடி. அடுத்த மேட்ச் எங்க?"

"நம்ம ஆம்பூர்லதான்க்கா. அதுவும் வேலை நாளுதான்."

"அப்ப நாங்கெல்லாம் வந்து பாக்கணும்ல?"

கன்டெய்னரைக் கமலத்தை நம்பி விட்டுவிட்டு டீமோடு வந்திருந்த பிரேம்குமார், முன் சீட்டிலிருந்து திடுக்கிட்டுத் திரும்பினார். "எல்லா லைனும் வந்துட்டா கம்பெனியை யாரும்மா ஓட்டறது?"

"சாரு சும்மாதான இருக்காரு. அவரையே மிஷின்ல குந்தச் சொல்லு," என்றது போன். பஸ்ஸே அதிர்ந்தது. பிரேம்குமாரும் சிரித்துவிட்டார், வேறு வழி?

தனபாக்கியத்தின் முழங்கையில் இரண்டு புல் ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனவள் நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்தாள். கமலாக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று நசுங்கிய கேரியரின் மேல் டப்பாவில் வைத்து மூடி, மடியில் பிடித்துக்கொண்டாள்.