ராகு காலத்துல நிப்பாட்டின சேர்வர்

வெப் சேர்வர் பாக்கிற வேலையும் தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணி விடுற பைப்பும் ஒண்ணுங்க: வர்ற வரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, நின்னுச்சுன்னா ஊரே சுத்தி நின்னு ஏசும். இதே பொழப்புல மாட்டிக்கிட்ட ஒங்களுக்கு நான் வெளக்கணுமா? இப்ப எல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களே தானா அப்டேட் பண்ணிர்றாங்க, நமக்கு ஒரு ஏச்சும் கெடைக்கிறதில்ல. பதுளை டவுன்ல போன் கடைக்கு மேல, ஒத்த ஜன்னல் அறையில, நானும், எனக்கு அண்ணன் மாதிரி இருந்த பாசில் நானாவும் உக்காந்து ஏச்சு வாங்கின காலந்தான் காலம்.

பெரிய கம்பெனி

எங்க ஆபீஸ்ல நாங்க ரெண்டே பேர். நானாவுக்குப் போன்னா பயம், அதனால போன் எனக்கு. மொதல்ல மெல்லிசா ஒரு குரல்ல, "வணக்கங்க, யாரு பேசுறீங்க?"ம்பேன். "டெக்னிக்கல் செக்சனுக்குக் குடுக்கிறேன்"னு மேசையில ரிசீவரால ஒரு தட்டு. அடுத்தாப்புல கொழும்புச் சிங்களவர் பேசுற தமிழ்ல, "ஆ மாத்தயா, என்னா பிரச்சினை?" அதுக்கும் அடங்காட்டி மேனேஜர் வருவாரு, பென்சன் எடுத்த தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாதிரி தொண்டையக் கனைச்சுக்கிட்டு.

கல்யாண மண்டபம் வச்சிருந்த முதலாளி ஒருத்தர்தான் எங்க மொதல் கஸ்டமர். மண்டபம் புக் பண்றதெல்லாம் எங்க சேர்வர் வழியாத்தான். ஒரு மழை நாள்ல சைட் நின்னு போச்சு. எனக்கோ நல்ல தடிமன். முதலாளி மூணு பேர்கிட்டயும் பொறுமையா பேசிட்டு, கடைசியா மேனேஜர்கிட்ட மெதுவாக் கேட்டாரு: "ஏன் தம்பி, ஒங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே இருமலா?"

பூட்டு

எங்க சேர்வர்ல ஓடின சொப்ட்வெயார் ரொம்பப் பழசு. இனி இதுல ஓட்டை விழுந்தா அடைக்க மாட்டோம்னு அத செஞ்சவங்களே கைய விரிச்சுட்டாங்க. புதுசுக்கு மாறியே ஆகணும். மாறுற நேரத்துல சைட் கொஞ்சம் நிக்கும், ஏதாவது கொளறுபடி வந்தாலும் வரலாம்னு கஸ்டமருங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும்ல? மொதல்ல முதலாளிகிட்ட போனேன்.

"ஓடுதுல்ல?"ன்னாரு. ஓடுதுங்க. "அப்ப என்னத்துக்கு அதுல கைய வைக்கிற?" நான் ஒரு உதாரணம் எடுத்து விட்டேன்: மொதலாளி, ஒங்க மண்டபத்துப் பூட்டு பழசு, அதுக்குச் சாவி இப்ப எல்லாக் கள்ளன் கையிலயும் இருக்குன்னு வைங்க. அரை மனசா ஒத்துக்கிட்டாரு: "சரி, பூட்ட மட்டும் மாத்து. கதவுல கைய வச்ச, தெரியும்!"

ஓரத்துல நிக்கிறவர்

அந்த சேர்வர்லயே காசு வாங்காம ஒரு போட்டோ சைட் வச்சிருந்தோம். மண்சரிவுல ஒரு லயமே போயிருச்சு. ஆளுங்களோட சேந்து அவங்க போட்டோக்களும் மண்ணுக்குள்ள போயிருச்சு. வெளியூர்ச் சொந்தக்காரங்க வீட்டுல இருந்த கல்யாண ஆல்பம், திருவிழாப் படம்னு கெடைச்சதெல்லாம் வாங்கி, ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு பட பைலுக்கும் ஆளுங்க பேரத் தமிழ்லயே வச்சுப் போட்டவரு பாசில் நானா.

பசறைப் பக்கம் புது வீட்டுல இருந்த செல்வமணி அக்காவுக்கு அதுல ஒரே ஒரு படம். யாரோட கல்யாணத்துலயோ, மண்ணோட போன அவங்க வீட்டுக்காரர் ஓரத்துல நிக்கிறாரு, கேமராவப் பாக்காம வேற எங்கயோ திரும்பிக்கிட்டு. அந்த ஆல்பமும் பிறகு கூரை ஒழுகி ஊறிப் போச்சு. அக்காகிட்ட அப்ப பட்டன் போன்தான். பதுளைக்கு வந்தா எங்க மாடியேறி வந்து, பெரிய திரையில அவரப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. சேர்வர் மாறப் போகுதுன்னு அவங்ககிட்டயும் சொன்னேன். என் மொகத்தையே பாத்தாங்க. "பழசத் தூக்கிப் போட்டா, அவரு எங்க தம்பி போவாரு?"

பெக்கப் இருக்கு

"பெக்கப் இருக்குக்கா, எல்லாத்துக்கும் இன்னொரு கொப்பி, பயப்படாதீங்க"ன்னு மேனேஜர் குரல்ல அடிச்சு விட்டேன். அக்கா போனதும் நானாவுக்குப் பயம் புடிச்சிருச்சு. "இருக்கி சரி. நாம தொறந்து பாத்தமா?"ன்னாரு. எதுக்கு நானா, கிழமைக்குக் கிழமை தானா எடுக்குதேன்னேன். மனுசன் கேக்கல. ஒரு சும்மா கெடந்த கொம்பியூட்டர்ல அந்த பெக்கப்ப முழுசா இறக்கிப் பாத்தாரு.

சைட் வந்துச்சு. தலைப்பு வந்துச்சு, பேரெல்லாம் வந்துச்சு. படம் ஒண்ணையும் காணோம். எடம் போதலன்னு முந்தி போட்டோவெல்லாம் தனியா இன்னொரு டிஸ்க்குக்கு மாத்தினோம், பெக்கப்புக்கு அந்த டிஸ்க் இருக்கிறதே தெரியாது. ஓடிப் போயி சேர்வர்ல இருந்த போட்டோவ எல்லாம் கொப்பி எடுத்து, ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு நானா வீட்டு அலுமாரியில வச்சோம். அன்னைக்கு டீ குடிக்கிறப்ப நானா என்னப் பாத்து சொன்னாரு: "ரவி, இவ்வளவு நாளும் நாம வெறும் பொட்டியத்தான் பூட்டிப் பூட்டி வச்சிருக்கோம்."

நேரம் பாத்தல்

அடுத்தது, எப்ப நிப்பாட்டுறது? கொப்பி எடுக்கிற நேரம் பாத்து யாராவது மண்டபம் புக் பண்ணினா அது பழைய சேர்வர்லயே தங்கிரும். புதுசு அதே நாள இன்னொருத்தருக்குக் குடுத்துரும். ஒரே மேடையில ரெண்டு மாப்பிள்ளை! ஆள் வராத நேரம் எதுன்னு நானா தேடிப் பாத்தாரு. பதுளை முழுக்க எழுதி வச்ச மாதிரி ஒரே பதில்: வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், எந்தத் தகப்பனும் மகளுக்கு மண்டபம் புக் பண்ண மாட்டான். அது முடிஞ்ச கையோட ஜும்மா தொழுகை, பாதிக் கடைக்குக் கதவு சாத்திருவாங்க. கொழும்புக்காரனுக்குக் கெடைக்குமா இப்படி ஒரு நேரம்?

முதலாளி கேட்டதும் குதிச்சாரு. "ராகு காலத்துலயா? கல்யாண மண்டபம்டா அது!" மொதலாளி, ராகு காலத்துல நிப்பாட்டுறதுதான், தொடங்குறது அது முடிஞ்சப்புறம்னேன். மனசுக்குள்ள பஞ்சாங்கத்தப் பொரட்டிப் பாத்த மாதிரி கண்ண மூடித் தொறந்தாரு. "சரி போ, கடைய சாத்துறதுக்கு எவன் நேரம் பாக்கிறான்?"

என் குரல்

பழைய சேர்வர அப்படியே விட்டுட்டு, பக்கத்துல புதுசு ஒண்ண எழுப்பி, எல்லாத்தையும் அதுக்குக் கொண்டு போனோம். மண்டபம் நல்லா வந்துருச்சு. நானா தொப்பிய எடுத்துக்கிட்டு, "நா வாற வரைக்கும் பழசுல கை வச்சிராத"ன்னு சொல்லிட்டுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனாரு. அவரு படியெறங்க, செல்வமணி அக்கா படியேற. சொல்லி வச்ச மாதிரி.

போட்டோ சைட்டத் தொறந்தேன். பேரு இருக்கு, படம் இருக்க வேண்டிய எடத்துல வெறும் கட்டம். ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே. கை மறுபடி மறுபடி தொறந்து பாத்துச்சு. வாய் மட்டும் சும்மா இருக்குமா? மேனேஜர் குரல்ல கனைச்சேன், கொழும்பு மாத்தயா குரல்ல "சின்ன பிரச்சினைதான்"னேன். அக்கா சிரிக்கல. கதிரையில இருந்து எழும்பி திரைக்குப் பக்கத்துல வந்தாங்க. "யாரு கொரலும் வேணாம் தம்பி. ஒன் கொரல்ல சொல்லு, அவரு இருக்காரா?"

திரும்பாதவர்

இருக்காருக்கான்னு என் குரல்லயே சொன்னேன். போட்டோ சைட்டுக்கு வர்றவங்கள மட்டும் பழைய சேர்வருக்கே திருப்பி விட்டேன். பழசத் தூக்கிப் போடாம வச்சிருந்தது எவ்வளவு பெரிய புண்ணியம்! கட்டமெல்லாம் ஒண்ணொண்ணா மொகமாச்சு. அக்கா கதிரைய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

நானா வந்து பாத்தவுடனே புடிச்சுட்டாரு. பட பைலுக்கெல்லாம் அவரு தமிழ்ல வச்ச பேர புது சொப்ட்வெயாருக்கு வாசிக்கத் தெரியல. செட்டிங்ல ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான். மாத்தி, மறுபடி புதுசுக்கு வந்து, ஒவ்வொரு படமாத் தொறந்து பாத்தோம். கையோட அந்தக் கல்யாணப் படத்த ஒரு பிரிண்டும் எடுத்து, பிளாஸ்டிக் உறையில போட்டு அக்கா கையில குடுத்தாரு நானா. அக்கா திரையப் பாத்தாங்க, கையில இருந்ததப் பாத்தாங்க, சேலைத் தலைப்பால கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்சாங்க. "எல்லாத்தையும் புதுசா மாத்தியும் என்ன, இந்த மனுசன் இன்னும் நம்ம பக்கம் திரும்பலயே!"

பாசில் நானா இப்ப மகளோட கண்டியில. ஆனா அவரோட பயத்தையே நான் ஒரு கொப்பி எடுத்து வச்சிருக்கேன், எந்த சேர்வரத் தொடுறதுன்னாலும் மொதல்ல அதத்தான் எனக்குள்ள இறக்கிப் பாத்துக்கிறேன்.