பேண்டேஜ் துணி போர்த்திய டாங்கி

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியின் வாட்ச்மேன் அவர். நரைத்த மீசையில் எப்போதும் பசைத் துளி காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி ஒட்டிச் செய்த உள்ளங்கையளவு டாங்கி ஒன்று அவர் மேசையில் நின்றது. எல்லையில் அவர் மகன் ஓட்டுவதும் அதே ரக வண்டிதான். சண்டை தொடங்கி ஒன்பது நாளாக மகனிடமிருந்து போன் இல்லை. தினமும் ஒரு துண்டு பேண்டேஜ் துணியைப் பச்சைச் சாயத்தில் நனைத்து, வண்டியின் மேல் மறைப்பு வலையாகப் போர்த்துவார். அன்று வேலை முடிந்து கிளம்பிய என்னை மேசையருகே நிறுத்தினார்.

“தம்பி, செத்த மேல இருந்து பாரு. வண்டி தெரியுதா?”

“அம்புட்டும் மூடியாச்சு அண்ணாச்சி. ஈ கூடக் கண்டுபிடிக்காது.”

“ஈய விடுப்பா. டிரோனுக்குத் தெரியுமா?”

துணிக்கு வெளியே பீரங்கிக் குழலின் நுனி தெரிந்தது. “தெரியாது” என்றேன். கையிலிருந்த கடைசித் துண்டை அவர் மடித்து வைத்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அந்த நுனியை வெளியே விட்டுவந்தவன் நான்.