காற்று பார்த்து அடித்த மருந்து

ஊரார் அவளுக்கு வைத்த பெயர் புழுக்காரி. ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் தூக்கியெறிந்துவிட்டு, சாணமும் சருகும் போட்டே பயிர் செய்கிறாள். ஒரு கை மண்ணை அள்ளினால் நாலு மண்புழு நெளியும். பெருமழையில் மற்ற வயல்களின் மேல்மண் கரைந்து வாய்க்காலோடு போகும்போது, அவள் நிலம் தண்ணீரைக் குடித்துவிட்டு அசையாமல் கிடக்கும். தவளையும் தட்டானும் தேனீயும் திரும்பி வந்துவிட்டன. இதற்கெல்லாம் சேர்த்து ஊர் கொடுத்த பட்டம்தான் அது.

மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த இயற்கை விவசாயச் சான்றிதழ் இன்று கைக்கு வர வேண்டும். வந்த அதிகாரியோ உதட்டைப் பிதுக்கினார்.

"ஓரத்து அவரையில பக்கத்து வயல் மருந்து படிஞ்சிருக்கும்மா. பரிசோதனையில தெரிஞ்சுபோச்சு. அந்த நாலு வரிசையைப் பிடுங்கிட்டு இடத்தைச் சும்மா போடுங்க. இல்லேன்னா சான்றிதழ் கிடையாது."

"அடிக்கிறது அவன், பிடுங்குறது நானா? நல்லா இருக்குங்க உங்க சட்டம்!"

"விதி அப்படித்தாம்மா."

விஷம் தெளிப்பவனை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. தெளிக்காதவள்தான் சொந்த மண்ணில் ஒதுங்கி நிற்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

பக்கத்து வயல்காரன் வேறு யாருமில்லை, அவள் கணவனின் தம்பி. முதுகில் தெளிப்பானோடு வரப்பில் நின்று சிரித்தான்.

"என்ன அண்ணி, காலங்காத்தால சண்டை? விஷமாம் விஷம்! பயிருக்கு அது டானிக்."

"அப்போ அடிக்காம ஏன்டா நிக்கிறே?"

"காத்து திரும்பட்டும். இப்ப எங்க வீட்டுப் பக்கமா அடிக்குது. புள்ளைங்க வாசல்ல விளையாடுதுங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"டானிக்தானேடா? உன் புள்ளைங்களுக்கு வேணாமா? தெரிஞ்சே என் பக்கம் தள்ளியிருக்கே!"

வயலை ஒட்டிய வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி, ஈரத்துணியோடு வந்து நின்றாள். "அக்கா அங்க குனிஞ்சு களை எடுக்கிறப்போ அடிச்சீங்களே, அதுவும் காத்து பார்த்துத்தானா?"

அவன் தெளிப்பானை இறக்கி வைத்தான். அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"இருந்தாலும் அந்த நாலு வரிசை..."

"போகட்டுங்க. ஆனா என் கை படாது." கொழுந்தனைப் பார்த்தாள். "இறங்குடா."

இறங்கினான். பூவும் பிஞ்சுமாக நின்ற அவரையை அவன் வேரோடு பிடுங்கிப் போட்டான். கடைசிச் செடி வரை அவள் முகத்தைத் திருப்பவில்லை. சான்றிதழ் வந்துவிடும். அவரைதான் திரும்பி வராது.