முடிச்சைப் போட்டுட்டுப் பேசு

செய்தி வந்தபோது என் கையில் எம்-சாண்ட் இருந்தது. இடது கையால் போனை எடுத்தேன். பாகூரிலிருந்து ஆரோக்கியம் அண்ணனின் மனைவி.

"காலையில சர்ச்சுக்குப் போய்ட்டு வந்தாரு. நாற்காலியில உக்காந்தாரு. அவ்ளோதாம்பா."

மணலைத் தட்டில் கொட்டி, தட்டை மூடினேன். மூடிய பிறகுதான் அழுதேன்.

வில்லியனூர் ஷெட்டில் அவருடன் வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். புதியவர்களுக்காக: ஒரு சிறுகோளைத் தொட்டு, ஒரு பிடி கல்லும் தூசும் எடுத்துத் திரும்பும் விண்கலத்துக்குத் திட்டம் எழுதுகிறோம். அதற்கான சோதனைத் தொட்டி அவர் பொறுப்பு. அதற்கு முன் அவர் வயல்களில் மண் மாதிரி எடுத்தவர்.

முதல் சோதனைக்கு மணப்பட்டுக் கடற்கரை மணல். இயந்திரக் கை இறங்கியது, வாயுவை ஊதியது, மணல் கையின் நுனியிலிருந்த சேகரிப்புக் கலத்துக்குள் ஓடியது. கைதட்டினோம். அவர் மட்டும் மணலை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க அலை அடிக்குமா?"

"எங்கண்ணா?"

"நீ போவப்போற கல்லுல."

"தண்ணியே கிடையாதுண்ணா."

"அப்ப இது இன்னாத்துக்கு? கடல் தேய்ச்சு வழவழப்பாக்கின மணலுபா இது, அங்க கல்லு கூரா இருக்கும். மூட்டையைத் தூக்கினு வந்ததே நாந்தான். என்னைத் திட்டிக்கோ."

திட்டினேன். திட்டத்தை மதிப்பிடும் ஆய்வுக் குழு வரப் பதினோரு நாளே இருந்தது. அவர்கள் மறுத்தால் திட்டம் அத்துடன் முடியும். அவர் கடல் மணலை அள்ளிவிட்டு, கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்டையும் ஜல்லித் துகளையும் தொட்டியில் கொட்டினார்.

கூரான ஒரு துண்டு கலத்தின் மூடியிடுக்கில் சிக்கியது. மூடி திறந்தே நின்றது. விண்வெளியில் தராசு உதவாது; எடுத்ததன் எடையை அறிய, கையை நீட்டிச் சுழற்றுவதாகத் திட்டம். சுழற்றினோம். பாதி தரையில்.

அவர் சிரித்தார்.

"பாகூர்ல ஒரு வயல். எவ்ளோ எடுத்தேன் பாருன்னு வரப்புல நின்னு பையைப் பிரிச்சிக் காட்டினேன். மொத்தமும் வாய்க்கால்ல. மறுபடி எல்லாப் பள்ளமும் தோண்டினேன். உனக்கு மறுபடி போவ வண்டி இருக்கா?"

"இல்ல."

"அப்ப முடிச்சைப் போட்டுட்டுப் பேசு."

எடை பார்க்கும் படியை நீக்கினோம். எடுத்ததும் கலத்தைத் திரும்பிவரும் உறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். எவ்வளவு என்பது பூமிக்கு வந்த பிறகு.

ஆய்வில் ஒருவர் கேட்டார்: "எவ்வளவு எடுத்தீர்கள் என்று தெரியாமலே திரும்புவீர்களா?"

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார்.

"கேமராவுல பாப்போம் சார். உள்ள கல்லு தெரிஞ்சா மூடிடுவோம். எவ்ளோன்னு பாக்க ஆசைப்பட்டா, இருக்கறதும் பூடும்."

சிரித்தார்கள். மாலையில் ஒப்புதல் வந்தது.

கல் வந்து சேரும்போது அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பார்க்க ஆசையில்லையா என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை கேட்டேன்.

"நான் எடுத்த மண்ணு எதையும் லேப்ல நான் பாத்ததில்லபா. பையைக் குடுத்துட்டு வூட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊத்தித் துன்னுவேன். நல்லாத் தூக்கம் வரும்."

பேருந்து வந்தது. ஏறிக் கையசைத்தார்.

பாதி சிந்திய அந்தச் சோதனையில் கலத்தில் மிஞ்சியதை அவர் ஒரு துணிப்பையில் கட்டி என் மேசையில் வைத்திருந்தார். மண் மாதிரி எடுப்பவரின் வழக்கப்படி வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு. வெளிச்சீட்டில் பென்சில் எழுத்து அழிந்துவிட்டது. உள்ளே இருப்பதில் என்ன எழுதினார் என்று தெரியாது.

முடிச்சு அவர் போட்டபடியே இருக்கிறது.