அண்ணா இறுக்காமல் விட்ட நட்டுகள்

அண்ணாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அவரைப் பற்றி எழுதுவதென்றால் அவர் கேட்ட கேள்விகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். கரவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர், நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே எதையாவது கழற்றிப் பார்த்தாராம். அம்மாவின் தையல் இயந்திரம் இரண்டு முறை அவரிடம் அகப்பட்டது. இரண்டாம் முறை பிழைக்கவில்லை.

இருபது வயதில் ஜெர்மனிக்கு அகதியாக வந்தார். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே மொழி படித்தார். பிறகு தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு ஒரே வகுப்பில் இருந்து, வாகனம் திருத்தும் தொழிலில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தார். ஹனோவரில் பேருந்துகள் திருத்தும் பட்டறையில் நோய் வரும்வரை வேலை செய்தார். என்னை இங்கே கூப்பிட்டெடுத்தவரும் அவரே. என் கல்யாணம் முடியும்வரை தன் கல்யாணத்தைப் பற்றி யாரையும் பேச விடவில்லை. அவருக்குக் கோபமே வராது என்றும் எழுத ஆசைதான். அண்ணி இதை வாசிப்பார் என்பதால் எழுதவில்லை.

ஐம்பது வயது தாண்டியதும் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினார். எட்டுச் சிலிண்டர், நீண்ட மூக்கு, பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கும் சாமான். அதில் ஏறவே மாட்டேன் என்று அண்ணி சத்தியம் செய்தார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, நேராகப் போகும்போது அது ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். வேறு காரணம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. முன்சில்லுகளைத் தாங்கும் கைகள், ஸ்பிரிங்குகள், மூட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, இலக்கமிட்டுப் பழைய பத்திரிகைத் தாள்களில் பரப்பினார். மூட்டுகளுக்குள் இருந்த ரப்பர் கையில் எடுக்கும்போதே உதிர்ந்தது. புது ரப்பர் போட்டுத் திரும்பப் பூட்டத் தொடங்கியபோது நோய் வந்துவிட்டது.

கடைசி வாரங்களில் மறதியும் வந்தது. ஒருநாள் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு நாள் தொலைபேசியில், "பிள்ளை, உன்ர நிறை எவ்வளவு?" என்று கேட்டார். அறுபது கிலோ என்று சொல்லிவிட்டு, இதுவும் மறதியில் கேட்ட கேள்விதான் என்று அழுதேன்.

அவர் போன பின், கார் நின்ற வாடகைக் கராஜை விட வேண்டி வந்தது. காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்க அண்ணி சம்மதிக்கவில்லை. "அது தன்ர சில்லில ஓடித்தான் வெளியில போகோணும்," என்றார். நானும் அண்ணாவோடு வேலை செய்த யூர்கனும் ஒரு சனிக்கிழமை போவதென்று பேசிக்கொண்டோம். நான் முதலில் போய்விட்டேன். கார் சில்லுகள் நிலத்தில் படாமல் முட்டுகளின் மேல் நின்றது. முன்சில்லுக் கைகளின் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் விரலால் திருகிய அளவில்தான் இருந்தன. இருபது வருடத்துக்கு மேல் பேருந்து திருத்தியவர் நட்டு இறுக்க மறந்திருக்கிறார். அந்த மறதியை யாரும் பார்க்கக் கூடாது என்று, யூர்கன் வருமுன் நானே ஸ்பானரை எடுத்து இறுக்கத் தொடங்கினேன்.

யூர்கன் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். சில்லு தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகும், ஒரு வருடத்தில் கிழியும் என்றார். நிலத்தில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டுமாம். மருத்துவமனையில் அண்ணா கொடுத்து, கருவிப் பெட்டியில் வைக்கச் சொன்ன ஓர் அட்டைத் துண்டை எடுத்துத் தந்து, தமிழில் இருப்பதால் தன்னால் வாசிக்க முடியவில்லை என்றார். அண்ணாவின் கையெழுத்து.

"இறக்கிப்போட்டு, முன் சீற்றில ரெண்டு பேரின்ர பாரத்தோட இறுக்கவும். நான் 78. பிள்ளை 60 எண்டு சொல்லுறாள், 66 எண்டு வைக்கவும்."

சரியாக அறுபத்தாறுதான். அண்ணா எதையும் மறக்கவில்லை.

அண்ணியிடம் ஓடிப்போய் அட்டையைக் காட்டினேன். அவர் அந்த எழுபத்தெட்டின் மேல் விரலை வைத்தார்.

"உதை எழுதேக்க அவர் ஐம்பத்தொரு கிலோதான்," என்றார். "தேறி வந்து ஓடலாமெண்டு இருந்திருக்கிறார்."

திவசத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளை அண்ணியே தூக்கிக் கொடுத்தார். இருபது கிலோவில் மூன்று, பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று, மிச்ச மூன்று கிலோவுக்குப் பருப்பு. காரை முட்டுகளிலிருந்து நிலத்தில் இறக்கி, அவற்றை அண்ணாவின் சீற்றில் அடுக்கிச் சீற் பட்டி போட்டோம். பக்கத்தில் நான் இருந்தேன். யூர்கன் காருக்குக் கீழே இருந்த குழிக்குள் இறங்கி, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார்.

மருத்துவமனையில் அண்ணாவின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன தாதியருக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க மனமில்லாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், யூர்கனுக்கும் எங்கள் நன்றி. கார் இப்போது நேராகப் போகிறது. இன்று அண்ணி மண்டபத்துக்கு வந்தது அதில்தான். உங்கள் இலையில் இருப்பது அந்தச் சீற்றில் இருந்த அரிசி. இருந்து, வயிறாறச் சாப்பிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அறுபத்தாறு கிலோத் தங்கை