தார் பூசிய ஏணி

எங்கள் மாட்டுக்கொட்டிலின் பின்சுவரில் ஒரு மர ஏணி சார்த்தியிருக்கிறது. அதன் இரு கால்களிலும் தார் பூசியிருக்கும். தாருக்கு அடியில் நகரசபையின் வெள்ளை எழுத்துகள் இருப்பதை அறிந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவன் நான் ஒருவனே.

தெருக்களில் மண்ணெண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில், எங்கள் பகுதி விளக்குக்காரர் தோளில் சுமந்து திரிந்த ஏணி அது. என் தந்தையார் அப்போது நகரசபை அங்கத்தினர். நான் சென்னையில் பி.ஏ. தேறி ஊர் திரும்பியிருந்தேன். நகரசபை ஆட்கள் அங்கத்தினர் வீடுகளில் தோட்டத்துக்கு நீர் இறைப்பதும், விசேஷங்களுக்குப் பந்தல் கட்டுவதும் எவரும் வியக்காத வழக்கமாக இருந்தது. என் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று பந்தலில் விளக்குகள் தொங்கவிட வரும்படி தந்தையார் அந்த விளக்குக்காரருக்குச் சொல்லியனுப்பினார். அவரும் வந்தார், சம்பந்தி வீட்டார் புறப்படும் வரை போகவில்லை. அன்று அவர் விளக்கேற்ற வேண்டிய குறுக்குத்துறைச் சாலையில் ஒரு விளக்கும் எரியவில்லை. இருட்டில் ஒரு மாட்டுவண்டி வாய்க்காலுக்குள் இறங்கி, வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது.

விளக்குக்காரர்கள் யாவரும் அந்தியில் ஒருமுறையும் விடியலில் ஒருமுறையும் அலுவலகத்துக்கு வந்து ஆஜர் சொல்ல வேண்டும், தவறினால் வேலை நீக்கம் என்ற தீர்மானத்தைத் தந்தையார் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அதன் ஆங்கில வாசகம் என்னுடையது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இப்போது அதைத் திரும்பப் பெற்றால் ஊர் ஐயப்படும். ஆகவே அது சபைக்கு வந்தது. பார்வையாளர் பெஞ்சியில் நான் அமர்ந்திருந்தேன்.

எதிர்த்துப் பேசியவர் ஒருவரே. ஜவுளிக்கடை வைத்திருந்த அங்கத்தினர். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். “பிள்ளைவாள், விளக்குக்காரன் எங்கன போவுதான்னு கேக்கேரு. யாரு கூப்பிட்டு அனுப்புதான்னு கேட்டீரா வே?” என்றார் தந்தையாரை நோக்கி. சபையில் பலர் மேசையைப் பார்த்தார்கள். அவர்கள் தோட்டங்களிலும் நீர் பாய்ந்துகொண்டுதான் இருந்தது.

சேர்மன் விளக்குக்காரரை உள்ளே அழைத்து, அன்று எங்கே இருந்தான் என்று கேட்டார். விளக்குக்காரர் தந்தையாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இன்னது சொல் என்று எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“கள்ளுக்கடையில கெடந்தேன், எசமான்.”

“ஏணி எங்கலே?”

“வித்துக் குடிச்சிட்டேன்.”

அவர் குடிக்காதவர் என்பது தெருவுக்கே தெரியும். அண்ணாச்சி மட்டும், “அத வித்தா ஒரு கலயம் கூடத் தேறாதே வே,” என்றார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் சேர்மன் வாக்குக் கேட்டார். முதலில் உயர்ந்தது தந்தையாரின் கை. அண்ணாச்சியின் கை மட்டும் மேசைமேல் கிடந்தது. தீர்மானம் நிறைவேறியது, விளக்குக்காரருக்கு அன்றே வேலை போயிற்று. வீட்டு மானம் தப்பியது என்று நான் ஆறுதலடைந்தேன். இதை எழுதும் கை என்னுடையதாக இல்லாதிருந்தால் நன்றாக இருக்கும்.

விற்றுக் குடித்ததாகச் சொல்லப்பட்ட ஏணி, பந்தல் வேலைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் கொட்டிலிலேயே இருந்தது. திருப்பிக் கொடுத்தால் எங்கே இருந்தது என்ற கேள்வி எழும். தந்தையார் அதற்குத் தார் பூசச் சொன்னார்.

சில நாட்களில் விளக்குக்காரர் கொல்லைப்புறமாக வந்தார். வயலிலோ தோட்டத்திலோ ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டார். தந்தையார் வெளியே வரவில்லை. ஊர் பேசும், இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்ல என்னை அனுப்பினார். நான் சொன்னேன், நல்ல தமிழில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். அவர் தார் காயாத ஏணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேப்படி இத்துப்போயிருக்கு, சின்ன எசமான். ஏறுதவன பைய ஏறச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். களக்காட்டுப் பக்கம் கூலிக்குப் போனதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். தந்தையார் தாம் இருந்தவரை அந்த ஏணியில் எவரையும் ஏறவிடவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.

இப்போது தெருவில் மின்சார விளக்கு வந்துவிட்டது. போன வாரம் வெள்ளையடிக்க வந்தவன் கொட்டிலிலிருந்து அந்த ஏணியை எடுத்து வந்தான். ஓரிடத்தில் தார் உரிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

“இது யாரு ஏணி, ஐயா?”

“நம்ம வீட்டு ஏணிதான்,” என்றேன். “மேல்படி இற்றிருக்கிறது. பார்த்து ஏறு.”